பெட்டி மூடியில் வெட்டிய எழுத்து

என் தம்பி நசுருதீன் சைக்கிள் திருடியது உண்மை. வெள்ளையம்மாள் கடையில் இரண்டு மணி நேர வாடகைக்கு என்று எடுத்துப் போய், நாலாம் நாள் மணப்பாறைச் சந்தையில் விற்றுவிட்டான். 1959-ஆம் வருஷம், ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த மறுவாரம். அவனுக்கு அப்போது வயது பதினாலு. இவ்வளவையும் எங்கள் சொந்தக்காரர்கள் எல்லாரும் சொல்வார்கள். கல்யாண வீட்டிலும் சொல்வார்கள், மய்யித்து வீட்டிலும் சொல்வார்கள். எதற்காக எடுத்தான் என்பதை மட்டும் ஒருவரும் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். எனக்காகத்தான் எடுத்தான்.

எங்கள் அத்தாவுக்குக் கூடப் பிறந்தவர் ஒரே அண்ணன், நிஜாமுதீன். எங்களுக்குப் பெரியத்தா. அவருக்குத் தோல் மண்டி இருந்தது. அந்த மண்டியில்தான் எங்கள் அத்தா பதினெட்டு வருஷம் தோலை உதறி, உப்பு தடவி, அடுக்கிக் கொடுத்தார். அண்ணன் மெத்தையில் சாய்ந்திருப்பார், தம்பி உப்புத் தரையில் நிற்பார். நெஞ்சு வறண்டு, மூச்சு இழுத்து, 1954-இல் அத்தா மவுத்தானார். அதற்குப் பிறகு எங்கள் அம்மா நஜ்முன்னிசா திருச்சி பாலக்கரையில் வாடகை வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றித்தான் எங்கள் இரண்டு பேரையும் காப்பாற்றினார்கள். என்னை வையம்பட்டியில் சேக் மைதீன் என்பவருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். மானாவாரி நிலம் கொஞ்சம் இருந்தது. நல்ல மனிதர். மழை பெய்தால் சோறு.

என் முதல் பிரசவம் வையம்பட்டியில் நடந்தது. பிள்ளை குறுக்கே நின்று, செத்துப் பிறந்தது. எனக்கு ஜன்னி கண்டுவிட்டது. மிளகாய் மூட்டை ஏற்றி வந்த லாரிக்காரரிடம் என் வீட்டுக்காரர் சொல்லி அனுப்பினார்: வந்து முகத்தைப் பார்த்துவிட்டுப் போகச் சொல்லுங்கள் என்று. அம்மா ஓடியது பெரியத்தா வீட்டுக்கு. பஸ்ஸுக்கு ஏதாவது கொடுங்கள், கூட ஓர் ஆளை அனுப்புங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். அவர் சாப்பிட்டுக்கொண்டே, பொம்பளைப் பிள்ளை என்றால் இதெல்லாம் இருக்கத்தான் செய்யும், மண்டியில் சரக்கு இறங்குகிற நாள், வெள்ளிக்கிழமைக்கு மேல் பார்ப்போம் என்றாராம். அம்மா திரும்பி வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்ததை என் தம்பி பார்த்தான். அவன் எழுந்து போய் வாடகைச் சைக்கிளை எடுத்தான்.

முப்பது மைலுக்கு மேல் மிதித்து வந்தான். மூன்று நாள் என் தலைமாட்டில் இருந்தான். மருத்துவச்சி, கோழிச்சாறும் காய்ச்சல் மாத்திரையும் கொடுத்தால் பிழைப்பாள், இல்லாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிட்டாள். வீட்டில் ஒன்றும் இல்லை. வரும் வழியில் பள்ளத்தில் விழுந்து சைக்கிள் ரிம் வேறு கோணிக் கிடந்தது. அவன் அதை மணப்பாறைக்குத் தள்ளிக்கொண்டு போய் விற்றான். கோழியும் மாத்திரையும் வந்தன. எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் நான் குடித்தேன், பிழைத்தேன். அவன் திருச்சிக்குத் திரும்பிய அன்று கோட்டைப் போலீசார் பிடித்துக்கொண்டு போனார்கள்.

வெள்ளையம்மாளை நான் குறை சொல்ல மாட்டேன். புருஷன் போன பிறகு பதினோரு சைக்கிளை வைத்துப் பிழைத்தவள். அதில் ஒன்று போனால் அவளுக்கு வலிக்கத்தான் செய்யும். என் ஆத்திரம் எல்லாம் என் ரத்தத்தின் மேல்தான்.

சிறுவர் கோர்ட்டில் மாஜிஸ்திரேட், இந்தப் பையனுக்குப் பொறுப்பேற்க உறவில் ஆண்பிள்ளை யார் என்று கேட்டார். பெரியத்தா கோர்ட்டு வாசல் வரைக்கும் வந்தார். உள்ளே வரவில்லை. அம்மாவிடம் அவர் சொன்னது இது:

"என் பேரு கோர்ட்டு காயிதத்துல ஏறக் கூடாது, நஜ்மு. நாலு பேரு மதிக்கிற பேரு அது. ரெண்டு வருசம் உள்ள கிடந்துட்டு வரட்டும், அப்பத்தான் புத்தி வரும்."

அத்தாவின் கையால் உப்புத் தடவிய தோலில் வந்த பெயர் அது. அந்தப் பெயருக்குத்தான் இத்தனை காவல்.

ஆண் துணை இல்லை என்றால் வெளியூர் சீர்திருத்தப் பள்ளிதான். அங்கே போய்விட்டு வந்த பாலக்கரைப் பிள்ளைகள் இரண்டு பேரை எனக்குத் தெரியும். ஒருவன் வந்த மறுமாதமே மறுபடி போனான். இன்னொருவன் யாரோடும் பேசாமல் ஆகிவிட்டான். என் தம்பிக்கும் அதுதான் எழுதியிருந்தது. அந்த நேரத்தில்தான் ஸ்ரீரங்கத்தில் இருந்த ஒரு சங்கத்தார் குறுக்கே வந்தார்கள்.

சிறார் நல்வழிச் சங்கம் என்று பெயர். காரியதரிசி ஒரு வக்கீல், ஸ்ரீனிவாசராகவன். நல்ல மனிதர், கோர்ட்டில் எழுந்து நின்று இந்தப் பையனைச் சங்கம் ஏற்கிறது என்று சொன்னவர் அவர்தான். அதற்கான புண்ணியம் அவருக்கு உண்டு. மேடை, மாலை, நோட்டீஸ் என்றால் மட்டும் அவருக்குக் கண் தெரியாது. அதைப் பின்னால் சொல்கிறேன். சங்கத்தின் வேலையைச் செய்தது வேதவதி என்ற டீச்சர். ஸ்ரீரங்கத்தில் அம்மாமண்டபம் போகிற வழியில் வீடு. கல்யாணம் செய்துகொள்ளாதவர். நாற்பது வயது இருக்கும். மெலிந்த உடம்பு, நாக்கில் மட்டும் அரம்.

அவர் எங்கள் பாலக்கரை வீட்டுக்கு வந்து, பீடி இலைக் குவியலுக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தார். எழுந்து நடக்கிற அளவுக்கு நான் தேறி, அம்மா வீட்டில் வந்து இருந்த சமயம் அது. அம்மா அழுதுகொண்டே, நீங்கதான் இவனைப் பார்த்துக்கணும் தாயே என்றார்கள்.

"நான் பாத்துக்கறேன்னு சொல்ல வரலை," என்றார் டீச்சர். "ஒருத்தர் பாத்துண்டா நடக்காது. எங்கப்பா ஏழை வீட்டுப் பிள்ளை, வாரச் சாப்பாடு சாப்பிட்டுப் படிச்சவர். திங்கக்கிழமை ஒராத்துல, செவ்வாக்கிழமை இன்னொராத்துல, இப்படி ஏழு ஆத்துல. ஒராத்துல கதவைச் சாத்தினாலும் மிச்சம் ஆறு திறந்திருக்கும். அதே மாதிரிதான் இதுவும். இவனுக்குச் சோறு வேண்டாம். தினம் ஒரு மணி நேரம் ஒரு வீடு வேணும்."

அதுதான் அந்தச் சங்கத்தின் முறை. வேறெங்கும் நான் அப்படிக் கேள்விப்பட்டதில்லை. கோர்ட்டு ஒப்படைத்த பிள்ளைக்கு வாரத்தில் ஏழு நாளும் ஏழு இடம். சாயங்காலம் அந்த இடத்துக்குப் போக வேண்டும், இருக்க வேண்டும், வேலை ஏதாவது இருந்தால் செய்ய வேண்டும், நோட்டில் கையெழுத்து வாங்கி வர வேண்டும். நசுருதீனுக்குத் திங்கட்கிழமை பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் அற்புதசாமி வீடு. அவர் ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர், கொல்லையில் இரும்பை இறுக்கிப் பிடிக்க ஒரு கொரடாப் பலகை போட்டு வைத்திருந்தார். செவ்வாய் டீச்சர் வீடு. ஒரு கம்பவுண்டர், ஒரு ரொட்டிக்கடைக்காரர். வெள்ளிக்கிழமை எங்கள் பள்ளிவாசல், பாங்கு சொல்கிற மோதினார் கையெழுத்துப் போடுவார். ஞாயிற்றுக்கிழமை அம்மா கைநாட்டு.

சனிக்கிழமைக்கு டீச்சர் கேட்ட வீட்டைச் சொன்னால் சிரிப்பீர்கள். வெள்ளையம்மாள் கடை. கேஸ் கொடுத்தவளிடமே போய் நின்றார்.

வெள்ளையம்மாள் அதைப் பல தடவை எங்களிடம் சொல்லியிருக்கிறாள். "என் சைக்கிளைத் தின்னவனை என் கடையிலேயே கொண்டாந்து விடுறீங்களே, மீதிப் பத்தும் எதுக்குங்க, அதையும் ஏத்திவிட்டுருங்க" என்றாளாம். டீச்சர் கொஞ்சமும் அசையவில்லையாம். "நீங்க கோபப்பட்டுண்டே இருங்கோ, எனக்கு அதுதான் வேணும். இவனைப் பார்த்துப் பரிதாபப்படற ஆள் நெறைய இருக்கா. கோபமா பாக்கறதுக்கு ஒருத்தர் வேண்டாமா?" என்றாராம்.

முதல் ஆறு மாதம் வெள்ளையம்மாள் அவனோடு பேசவே இல்லை. பஞ்சர் டியூபைத் தூக்கிப் போடுவாள், அவன் ஒட்டிக் கொடுப்பான், அவள் கையெழுத்துப் போடுவாள். ஏழாம் மாதம் ஒரு சனிக்கிழமை அவன் காய்ச்சலில் படுத்துவிட்டான். அவள் கடையைப் பூட்டிக்கொண்டு பாலக்கரை வீட்டுக்கு வந்து, ஏன்டா வரவில்லை என்று வாசலில் நின்று திட்டிவிட்டு, ஒரு பன்னும் ஆரஞ்சும் வைத்துவிட்டுப் போனாள். சைக்கிள் விலைக்கு உழைத்து முடித்த பிறகும் அவன் சனிக்கிழமை போவதை நிறுத்தவில்லை.

எல்லாம் நன்றாக நடந்தது என்று நினைக்காதீர்கள். டீச்சர் தெருவில், ஒரு சாயபுப் பையன், அதிலும் திருட்டுக் கேஸ், வாரா வாரம் வருவதா என்று கேட்டார்கள். குடிதண்ணீர்க் குழாயடியில் அவரோடு பேச்சை நிறுத்தினார்கள். எங்கள் பக்கத்திலும், அய்யர் வீட்டுக்கு அனுப்பிப் பிள்ளையைக் கெடுக்கிறாள் நஜ்முன்னிசா என்றார்கள். சொன்னவர்கள் ஒருவர் வீட்டிலும் அவனுக்கு ஒரு சாயங்காலம் இடம் இருக்கவில்லை. டீச்சர் இரண்டையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டு வருஷத்தில் ஒரு செவ்வாய்க்கிழமைகூட அவர் வீட்டுக் கதவு சாத்தியிருந்ததில்லை.

1961-இல் இரண்டு வருஷக் கெடு முடிந்தது. கோர்ட்டில் நல்லபடியாக எழுதிக் கொடுத்தார்கள். நன்னடத்தையில் விட்ட பிள்ளைக்கு அந்த வழக்கு எந்த வேலைக்கும் தடை ஆகாது என்று மாஜிஸ்திரேட்டே வாயால் சொன்னார். அதோடு விட்டிருந்தால் போதும். அப்போதுதான் ஸ்ரீனிவாசராகவனுக்கு ஆண்டு விழா நினைப்பு வந்தது.

பெரிய அதிகாரி ஒருவர் தலைமை தாங்குவதாக நோட்டீஸ் அடித்தார்கள். அந்த நோட்டீஸைப் பார்த்துவிட்டு எங்கள் பெரியத்தா, கோர்ட்டுக் காகிதத்தில் பெயர் ஏறக் கூடாது என்றவர், தானாகப் போய் வக்கீலைப் பார்த்தார். கெடு முடித்த பதினோரு பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு கருவிப் பெட்டி தருகிறேன் என்றார். நல்ல கெட்டித் தகரப் பெட்டி. உள்ளே அரம், சுத்தியல், காலிப்பர், எல்லாம் முதல் தரம். அதில் குறை இல்லை.

நம் ஊரில் கோயில் விளக்கானாலும் மின்விசிறியானாலும் கொடுத்தவர் பெயர் இல்லாமல் தொங்காது. பெயிண்டில் எழுதினால் போய்விடும் என்று பெரியத்தா, பாத்திரத்தில் பெயர் வெட்டுகிற ஆளைப் பெரிய கடைவீதியிலிருந்து கூட்டி வந்து, பதினோரு மூடியிலும் உளியால் புள்ளி புள்ளியாக வெட்டச் சொன்னார். வாசகத்தை எழுதிக் கொடுத்தவர் வக்கீல். இரண்டு பேரும் யோசித்தது கொடுத்தவர் பெருமையையும் சங்கத்தின் பெருமையையும்தான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்கப் போகிறவனை ஒருவரும் யோசிக்கவில்லை. மூடியில் இப்படி இருந்தது: "உபயம், ஜனாப் நிஜாமுதீன், தோல் மண்டி. கோர்ட்டார் ஒப்படைத்த குற்றச் சிறுவருக்கு, சிறார் நல்வழிச் சங்கம், ஸ்ரீரங்கம்."

விழாவில் நானும் அம்மாவும் கடைசி வரிசையில் இருந்தோம். வக்கீல் ஒவ்வொருவன் பெயரையும் தகப்பன் பெயரோடு படித்தார். கூடவே வழக்கையும் படித்தார். சைக்கிள் திருட்டு என்று ஒலிபெருக்கியில் கேட்டது. ஜனங்கள் கை தட்டினார்கள். என் தம்பி மேடை ஏறி, தன் அத்தாவைத் தேய்த்துக் கொன்ற கையிலிருந்து பெட்டியை வாங்கினான். போட்டோ எடுத்தார்கள். அம்மா முக்காட்டை இழுத்து வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் அன்று மேடைக்குக் கீழே நின்று, வக்கீலிடம், "கை தட்டல் நமக்கு, கெட்ட பேர் மட்டும் இந்தப் பிள்ளைகளுக்கா?" என்று கேட்டார். அவர் புரியாமல் சிரித்தார்.

வீட்டுக்கு வந்ததும் நசுருதீன் அந்த எழுத்தின் மேல் இரண்டு பூச்சுக் கறுப்புப் பெயிண்ட் அடித்தான். பெட்டியைத் தூக்கி எறிந்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். உள்ளே இருந்த கருவிகள் இல்லாவிட்டால் அவனுக்கு வேலை இல்லை. பாலக்கரையில் ஒரு லேத் பட்டறையில் நாலு வருஷம் அந்தப் பெட்டியோடுதான் வேலை செய்தான். அற்புதசாமி வீட்டுக் கொல்லையில் திங்கட்கிழமைகளில் பிடித்த அரம் அவன் கையில் நின்றுவிட்டது. பட்டறைக்காரர், இவன் அராவினால் நான் அளந்து பார்க்கிறதில்லை என்பார்.

1965-இல் திருவெறும்பூர் பக்கம் பெரிய தொழிற்சாலைக்கு ஆள் எடுத்தார்கள். சர்க்கார் சம்பளம், வீடு, ஆஸ்பத்திரி. எங்கள் வம்சத்தில் மாதச் சம்பளம் என்று ஒருவரும் வாங்கியதில்லை. இவனைக் கூப்பிட்டுவிட்டார்கள். இரண்டு இரும்புத் துண்டை ஒன்றுக்குள் ஒன்று வெளிச்சம் தெரியாமல் பொருந்தும்படி அராவிக் கொடுக்க வேண்டும், சொந்தக் கருவி கொண்டு வரலாம் என்று கடிதம். போனான்.

வாசலில் காவல்காரர் உள்ளே போகிற ஒவ்வொரு சாமானையும் அடையாளத்தோடு ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். இவன் பெட்டியில் என்ன அடையாளம் என்று தேடினார். பெயிண்ட் மூடியிருந்தாலும் உளி வெட்டிய புள்ளி விரலுக்குத் தெரியும் அல்லவா? தடவித் தடவி ஒவ்வொரு எழுத்தாக வாசித்து, முழுவதையும் ரிஜிஸ்டரில் எழுதிக்கொண்டார். கோர்ட்டார் ஒப்படைத்த குற்றச் சிறுவருக்கு. அவர் மேல் தப்பில்லை, அவர் வேலை அது.

நசுருதீன் அராவிய துண்டுதான் அன்று முதலாவதாக வந்தது. ஆனால் எல்லாருக்கும் உத்தரவு வந்தது, இவனுக்கு வரவில்லை. ரிஜிஸ்டர் மேலே போயிருக்கிறது. சுடலைமுத்து என்று ஒரு ஆபீசர், தெற்கத்திக்காரர், கூப்பிட்டு விசாரித்திருக்கிறார். பத்து நாளில் இதற்கு விளக்கம் எழுத்தில் வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த பெயருக்குப் போய்விடுவேன் என்று சொல்லிவிட்டார்.

அம்மா வக்கீலிடம் ஓடினார்கள். வக்கீல் பெரியத்தாவிடம் கூட்டிக்கொண்டு போனார். நானும் என் வீட்டுக்காரரும் அன்று திருச்சியில் இருந்தோம், கூடப் போனோம். பெரியத்தா மெத்தையில் சாய்ந்துகொண்டு வழி சொன்னார். அந்தப் பெட்டி விழாவில் கொடுத்த பெட்டி இல்லை, விழாவுக்குச் செய்ததில் மிஞ்சி மண்டியில் கிடந்ததைத் தம்பி மகன் என்று கடனாகக் கொடுத்தேன், இவனுக்கும் கோர்ட்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று தான் ஒரு கடிதம் எழுதித் தருவதாகச் சொன்னார். வக்கீல் தலையை ஆட்டினார்.

"அதுக்குப் பதிலா ஒண்ணே ஒண்ணுதான்டா," என்றார் பெரியத்தா. "இந்த வருச விழாவுக்குக் கம்பெனி உடுப்போட வந்து, எங்க பெரியத்தா வளர்த்த பிள்ளை நானுன்னு மேடையில ரெண்டு வார்த்தை சொல்லிரு."

கோர்ட்டுக்குச் சம்பந்தமில்லாதவன் அந்தச் சங்கத்து மேடையில் எதற்கு ஏற வேண்டும் என்று அந்த இரண்டு பெரிய மனிதர்களுக்கும் தோன்றவில்லை. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினார்கள். வாழ்நாள் சோறு அந்தக் கடிதத்தில் இருக்கிறது, நீ பேசாதே என்று அதற்கு அர்த்தம். நசுருதீன்தான் பேசினான். சத்தம்கூட உயரவில்லை.

"வேணாங்க பெரியத்தா. நான் கோர்ட்டுக்குப் போகலன்னு எழுதினா, வெள்ளையம்மா கடையில ரெண்டு வருசம் நான் எதுக்கு நின்னேன்? டீச்சர் வீட்டுக்கு எதுக்குப் போனேன்? அவங்க என்னை நம்பினது பொய்யாப் போயிரும்ல?"

"அப்ப வேலை போயிரும்டா," என்றார் பெரியத்தா.

"போனாப் போகட்டுங்க."

வெளியே வந்ததும் அம்மா அவனைத் தெருவிலேயே அறைந்தார்கள். பிறகு அவன் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். எட்டு நாள் போய்விட்டிருந்தது.

டீச்சருக்கு அவன் சொல்லவில்லை. நான்தான் ஸ்ரீரங்கத்துக்குப் போய்ச் சொன்னேன். கேட்டுவிட்டு அவர் எழுந்தார். செருப்பை மாட்டினார். "உளியால வெட்டினாளா? பெயிண்ட்டுன்னா நெனச்சேன். கண்ணை வச்சுண்டு பாக்காம விட்டேன் பாரு," என்று தன்னையே திட்டிக்கொண்டு அன்று சாயங்காலத்துக்குள் ஐந்து இடத்துக்குப் போனார்.

பத்தாம் நாள், ஒரு வேலை நாள். டீச்சர் லீவு போட்டார். அற்புதசாமி ஷிஃப்டை மாற்றிக்கொண்டு பொன்மலையிலிருந்து சைக்கிளில் வந்தார். கம்பவுண்டர் வந்தார், ரொட்டிக்கடைக்காரர் கடையை மகனிடம் விட்டுவிட்டு வந்தார், மோதினார் லுஹர் தொழுகைக்கு வேறு ஆளைச் சொல்லி வைத்துவிட்டு வந்தார். வெள்ளையம்மாள் கடைக் கதவைச் சாத்திப் பூட்டு போட்டாள். நானும் அம்மாவும் அவர்களோடு சேர்ந்துகொண்டோம். எல்லாருமாகத் தஞ்சாவூர் ரோடு பஸ்ஸில் ஏறினோம். பெரியத்தாவுக்கு இரண்டு கார் இருந்தது. அதில் ஒன்றும் வரவில்லை.

சுடலைமுத்து இத்தனை பேரைப் பார்த்ததும் மிரண்டுவிட்டார். யூனியன் ஆட்களோ என்று நினைத்தாராம். யாராவது ஒருவர் பேசுங்கள் என்றார். டீச்சர் பேசப் போகிறார் என்று நாங்கள் எல்லாரும் அவரைப் பார்த்தோம். அவர் வெள்ளையம்மாளை முன்னே தள்ளினார்.

"பையனுக்கு நீங்க என்ன உறவு?" என்று கேட்டார் ஆபீசர்.

"உறவு ஒண்ணும் இல்லீங்க. கேசு குடுத்தவ நான்தான்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"என் சைக்கிளைத்தான் இவன் வித்தான்," என்றாள் வெள்ளையம்மாள். "அந்த மூடியில எழுதியிருக்கிறது நெசம்தாங்க. ஆனா முக்கால்வாசிதான் எழுதியிருக்கு. அப்புறம் ரெண்டு வருசம் சனிக்கிழமை தவறாம வந்தான். இப்ப நான் ஊருக்குப் போனா, கடைச் சாவியை இவங்கிட்டத்தான் குடுத்துட்டுப் போறேன். என் பதினோரு சைக்கிளுக்கு இவன் காவலுங்க. உங்க கம்பெனியில என்ன, சைக்கிளை விடப் பெருசா எதாச்சும் வச்சிருக்கீங்களா?"

வாசலில் நின்ற பியூன் சிரித்துவிட்டான். ஆபீசர் சிரிக்கவில்லை. நசுருதீனைப் பார்த்து, திருடினாயா என்று நேராகவே கேட்டார். ஆமாங்க என்றான். ஏன் என்றார். அவன் என்னைப் பார்க்காமல், அதை விடுங்க சார், செஞ்சது தப்புத்தான் என்றான். நான் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அதிகாரி முன்னால் அவ்வளவு நீளமாகப் பேசியது என் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். டீச்சர் கடைசியில், நன்னடத்தையில் விட்டவனுக்குத் தடை இல்லை என்கிற சட்டத்தையும் கோர்ட்டு எழுதியதையும் மேஜையில் வைத்தார். உங்கள் வாசலில் அதைத் தடவிப் பார்க்க ஒரு காவல்காரரும் இல்லையே என்றும் கேட்டார்.

ஆபீசர் காகிதங்களை வாங்கி வைத்துக்கொண்டு எங்களை அனுப்பிவிட்டார். இருபது நாள் கழித்து உத்தரவு வந்தது. ஆறு மாதம் பார்த்துவிட்டு நிரந்தரம் என்று இருந்தது. ஆறு மாதம் பார்த்தார்கள், நிரந்தரம் ஆனான்.

உத்தரவு வந்த அன்று பெரியத்தா ஒரு தட்டு நிறைய பூந்தியோடு பாலக்கரைக்கு வந்தார், கூடவே வக்கீல். விழாவுக்கு நாள் குறித்தாகிவிட்டது என்றார்கள். நசுருதீன், மேடையில் பிள்ளைகள் பெயரும் வழக்கும் படிக்க மாட்டோம், எந்தச் சாமானிலும் எதுவும் வெட்ட மாட்டோம் என்று சொன்னால் கீழே உட்கார்ந்து பார்க்கிறேன் என்றான். வக்கீல், பெயர் போடாமல் எப்படித் தர்மம் சேர்ப்பது என்று கேட்டார். அவர் நிஜமாகவே கேட்டார், அதுதான் கொடுமை. எங்கள் அம்மா, அதுவரை பெரியத்தா முன்னால் குரல் உயர்த்தாதவர்கள், பீடித் தட்டை மடியிலிருந்து இறக்கி வைத்தார்கள்.

"மச்சான், அன்னைக்கு என் மவளைப் பார்க்கப் போக பஸ்சுக்குக் கேட்டேன். இல்லன்னீங்க. இன்னைக்குத் தட்டோட வந்திருக்கீங்க. எடுத்துட்டுப் போயிருங்க."

அவர் எடுத்துக்கொண்டு போனார்.

அந்த வருஷ விழாவுக்கு வார வீட்டுக்காரர்கள் ஒருவரும் போகவில்லை. டீச்சர் சங்கத்துக்கு ராஜிநாமா எழுதிக் கொடுத்துவிட்டு, கோர்ட்டில் போய், பிள்ளைகளை நேராக எங்களிடம் அனுப்புங்கள் என்றார். மாஜிஸ்திரேட் ஒப்புக்கொண்டார். அதற்குப் பிறகு போர்டு இல்லை, நோட்டீஸ் இல்லை, வேலை மட்டும் நடந்தது. அற்புதசாமி ரிடையர் ஆகி ஊருக்குப் போனபோது திங்கட்கிழமை காலியானது. நசுருதீன் அதை எடுத்துக்கொண்டான். கம்பெனி குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டுக்காரர்கள், யார் வீட்டுப் பிள்ளை, எதற்கு வருகிறான் என்று கேட்டால் சொல்ல மாட்டான். அவன் பெண்சாதிக்குக்கூட எந்தப் பையன் என்ன வழக்கு என்று தெரியாது.

மற்றப் பத்துப் பெட்டிகள் என்ன ஆயின என்று நான் விசாரித்திருக்கிறேன். மூன்று பேரைப் பற்றித்தான் தெரிந்தது. ஒருவன் மூடியை நெருப்பில் காட்டி அடித்துத் தட்டையாக்கி வைத்திருந்தான். ஒருவன் வேலை கேட்கப் போவதையே விட்டுவிட்டான். ஒருவன் வடக்கே போய்விட்டான் என்றார்கள். அவர்களுக்காக யாரும் பஸ் ஏறவில்லை. ஏற வேண்டும் என்று எங்களுக்குத் தெரியவும் இல்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது.

பெரியத்தா 1969-இல் மவுத்தானார். பெரிய கூட்டம். வையம்பட்டிக்கு ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார்கள். என் வீட்டுக்காரர் போனார், நசுருதீனும் போய் சந்தூக்குக்குத் தோள் கொடுத்தான். அது அவன் குணம். நான் போகவில்லை.